பன்னாட்டு அறிஞரும் பட்டினக் கரையும்

(இளங்கலை வரலாறு, மூன்றாமாண்டு மாணவி ஒருவர்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் சுற்றறிக்கை வந்ததும் என் தோழியர் பலர் பெண் கல்வி பற்றியும் சுற்றுச்சூழல் பற்றியும் எழுதத் தொடங்கிவிட்டனர். நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு ஒருத்தி சிரித்தே விட்டாள். "பன்னாட்டு உறவா? கடலூரில் உட்கார்ந்துகொண்டு ஐ.நா. சபைக்கு யோசனை சொல்லப் போகிறாயாக்கும்!" என்றாள். ஐ.நா. சபைக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பன்னாட்டு உறவு என்னும் பாடத்தைக் கற்பிக்கின்ற, அதில் ஆய்வு செய்கின்ற பல்கலைக்கழக அறிஞர் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கும் உரிமை இந்தக் கடற்கரையில் பிறந்த எவருக்கும் உண்டு என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். பிழை இருப்பின் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைக் கற்றவர்கள் அறிஞர்கள். அந்த உடன்படிக்கைகளால் வாழ்வும் தாழ்வும் அடைகிறவர்கள் சாதாரண மக்கள். அறிந்தவரிடமிருந்து அடைகிறவரிடம் செய்தி போய்ச் சேராவிட்டால், அந்தக் கல்வி எத்துணைப் பட்டங்கள் பெற்றாலும் பாதிக் கல்விதான்.

இருப்புப் பாதை சொல்லும் பாடம்

நான் கிள்ளைக்கு அப்பாலுள்ள ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வருகிறவள். காலையில் கிள்ளையில் பாசஞ்சர் வண்டி ஏறினால் பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர் துறைமுகம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வரும். முதலாம் ஆண்டில் இவை எனக்கு வெறும் பெயர்ப் பலகைகள். வரலாறு படிக்கப் படிக்க, நான் நாள்தோறும் ஒரு பன்னாட்டுப் பாடநூலின் பக்கங்களைக் கடந்து போகிறேன் என்பது விளங்கியது.

பரங்கிப்பேட்டை என்ற பெயரிலேயே பரங்கியர் இருக்கின்றனர். 'புதுத் துறைமுகம்' என்று பொருள்பட அவர்கள் அதைப் போர்ட்டோ நோவோ என்றழைத்தனர். 1781 ஜூலை 1ஆம் நாள் ஐதர் அலியின் படையும் சர் அயர் கூட் நடத்திய ஆங்கிலப் படையும் அங்கே மோதின. இன்று அவ்வூரில் எத்தனையோ குடும்பங்கள் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் உழைப்பவர்களின் வருவாயில் வாழ்கின்றன. நம் மாவட்டத்தின் மேற்கே நெய்வேலி இருக்கிறது. அமெரிக்காவும் சோவியத் நாடும் பனிப்போரில் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே மண்ணை அகழ மேற்கு ஜெர்மனியின் ராட்சத இயந்திரங்கள் வந்தன. முதல் அனல் மின்நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. உலகம் இரண்டாகப் பிளந்து நின்றபோது அதன் இரு பாதிகளும் நம் பழுப்பு நிலக்கரிக் குழியருகே ஒன்றாக வேலை பார்த்தன.

தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையின் கதையோ இன்னும் சுவையானது. 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. அப்படியே சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. காலையில் ஏர் பூட்டப் போன உழவன் மாலையில் வேறோர் ஆட்சியின் குடியாகத் திரும்பியிருப்பான். அவனை யாரும் கேட்கவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை. பன்னாட்டு உறவு நம் ஊருக்குள் நுழைந்த விதம் இது.

ஐந்து மாதம் தாமதமான சமாதானம்

அதே கரையில் 1783இல் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போர் 1775இல் தொடங்கியது. பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. ஆகவே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எங்கெங்கு எதிர்ப்பட்டார்களோ அங்கெல்லாம் சண்டை. அதில் கடலூரும் அகப்பட்டுக்கொண்டது. 1782இல் ஐதர் அலியின் நட்புடன் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தனர். 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை ஊரை முற்றுகையிட்டது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி உள்ளே இருந்து எதிர்த்தார். ஜூன் 13இல் தரையிலே கடும் போர். ஜூன் 20இல் கடலிலே சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் குண்டுமாரி பொழிந்தன. இரு தரப்பிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தனர்; இரு தரப்பிலும் மாண்டனர்.

இதில் கொடுமை யாதெனில், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே சமாதானத்தின் முதற்கட்ட உடன்படிக்கை 1783 ஜனவரி 20ஆம் நாளே வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டது! கடலூர்க் கரைக்குச் செய்தி வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில். செய்தி வந்தவுடன் பீரங்கிகள் ஓய்ந்தன. தாளில் முடிந்துபோன ஒரு போருக்காக ஐந்து மாதம் கழித்து நம் மண்ணில் மனிதர்கள் செத்தார்கள். அவர்களைக் கொன்றது பகை மட்டுமா? செய்தி வராமையும் அன்றோ?

அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்தான் செய்தி கொண்டுவர வேண்டும். காற்றின் மேல் பழி போடலாம். இன்று விரல் நுனியில் உலகச் செய்தி இருக்கிறது என்கிறோம். உண்மையில் வந்து சேர்கிறதா? என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தை கேட்ட கேள்வி

என் தாய்மாமன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சுனாமியில் கட்டுமரமும் வலையும் போன பிறகு கடன் தலைக்கு மேல் ஏறியது. ஏஜெண்டு ஒருவரைப் பிடித்து வளைகுடா நாடு ஒன்றுக்கு மீன்பிடி வேலைக்குப் போனார். படகு அந்த ஊர் முதலாளியுடையது. வலை இழுப்பது நம்மவர். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவார். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஓர் இரவில் அவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது அண்டை நாட்டுக் கடலோரக் காவல் படை வந்து சூழ்ந்துகொண்டது. கடல் எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகோடு ஐந்து பேரையும் கொண்டு போயினர்.

எங்களுக்கு இது தெரிய பதினொரு நாள் ஆயிற்று. வேறொரு படகில் இருந்த ஊர்க்காரர் தொலைபேசியில் சொன்னார். அதன் பின் அத்தையின் அலைச்சல் தொடங்கியது. ஏஜெண்டு தொலைபேசியை எடுக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் "இது எங்கள் வேலை இல்லை" என்றனர். இன்னோர் அலுவலகத்தில் பாஸ்போர்ட் நகல் கேட்டனர். பாஸ்போர்ட்டோ முதலாளியின் பெட்டியில். நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு நாள் இரவு விளக்கு வைத்த பிறகு அத்தை வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, நீ காலேஜுல படிக்கிற புள்ள. எனக்கு ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. ஒரு நாட்டுக்காரன புடிச்சு வச்சா, புடிச்சவங்க அவன் கவர்ன்மெண்டுக்குச் சொல்லணுமா, வேணாமா? சொல்லணும்னு சட்டம் இருந்தா நாளைக்குப் போயி அதையாச்சும் கேப்பேன். இல்லேன்னா பேசாம இருந்துடறேன்" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஐ.நா. சபையின் உறுப்புகளை வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

கருத்தரங்கில் கண்டது

அந்த மாதமே ஓர் உயர்கல்வி நிலையத்தில் இந்தியப் பெருங்கடல் பற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். பல்கலைக்கழகங்களிலிருந்து பேராசிரியர்கள் வருகிறார்கள் என்றதும், இரண்டு தோழியரை அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் கோலம், குத்துவிளக்கு, ஒவ்வொருவருக்கும் ஒரு பை, அதில் குறிப்பேடு, பேனா. பகல் முழுதும் ஆங்கிலத்தில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. வல்லரசுகளின் சமநிலை, கடல்வழி வாணிகம், சீனத்தின் துறைமுகங்கள் என்று பெரிய பெரிய பொருள்கள். அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் புரியாவிட்டாலும் புரிந்த வரை வியந்தேன். ஆனால் இந்தியப் பெருங்கடல் பற்றி அவ்வளவு பேசியும், அந்தக் கடலில் மிதக்கும் ஒரு மனிதனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை.

ஐயம் கேட்கும் நேரத்தில் எழுந்து தமிழில் அத்தையின் கேள்வியைக் கேட்டேன். அவையில் மெல்லிய சிரிப்பு. மேடையில் இருந்த பேராசிரியர் கோபிக்கவில்லை, கனிவாகவே சொன்னார்: "அது தூதரகம் கவனிக்க வேண்டிய நடைமுறை விஷயம் அம்மா. நம் தலைப்புக்குள் வராது." நேரமாகிவிட்டது என்று அடுத்த அமர்வுக்கு மணி அடித்தனர்.

தேநீர் இடைவேளையில் ஓர் இளம் ஆய்வாளர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். நிகழ்ச்சி நிரல் தாளின் பின்புறத்தில் "வியன்னா, 1963, பிரிவு 36" என்று எழுதினார். ஐந்து நிமிடத்தில் தமிழில் விளக்கினார். ஐந்தே நிமிடம்! விடை அந்த மண்டபத்திலேயே இருந்திருக்கிறது. அங்கே அமர்ந்திருந்தவர்களுள் பலருக்கும் அது தெரிந்திருக்கும். தேர்வுத் தாளில் கேள்வியாகவே கேட்டிருப்பார்கள். அது என் அத்தைக்கு விடையாகும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது?

அவர் சொன்னதையும் பின்பு நூலகத்தில் நான் படித்ததையும் தோழர்களுக்காக இங்கே சுருக்கித் தருகிறேன்.

தூதரக அலுவல் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை 1963இல் செய்யப்பட்டது. இந்தியா 1977இல் அதில் சேர்ந்தது. அதன் 36ஆம் பிரிவின்படி, ஒரு நாட்டில் கைதாகும் வெளிநாட்டவருக்கு, தம் நாட்டுத் தூதரகத்துக்குச் செய்தி சொல்லுமாறு கேட்கும் உரிமை உண்டு. அவர் கேட்டால் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஓர் உரிமை இருப்பதை அவரிடம் தெரிவிப்பதே கைது செய்தவர்களின் கடமை. தூதரக அலுவலர்கள் அவரைச் சென்று காணலாம், பேசலாம், வழக்கறிஞரை ஏற்பாடு செய்யலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பாகிஸ்தான் இராணுவ நீதிமன்றம் குல்பூஷண் ஜாதவுக்கு 2017இல் மரண தண்டனை விதித்தபோது, இந்திய அரசு தி ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குச் சென்று இதே 36ஆம் பிரிவைத்தான் எடுத்து வைத்தது. 2019 ஜூலை 17இல், பாகிஸ்தான் அந்தக் கடமையை மீறிவிட்டது என்று தீர்ப்பு வந்தது.

கடலுக்கென்று தனிச் சட்டமும் உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை 1994இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இல் ஏற்றது. அதன்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்நாட்டின் ஆட்சிப் பரப்பு. 200 கடல் மைல் வரை அந்நாட்டுக்கே உரிய பொருளாதார மண்டலம். இந்த மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காகப் பிடிபட்டால், தகுந்த பிணைத் தொகையின் பேரில் படகையும் ஆட்களையும் விரைவில் விடுவிக்க வேண்டும். நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது என்கிறது 73ஆம் பிரிவு. 12 மைலுக்குள் பிடிபட்டால் இந்தச் சலுகை இல்லை. ஆகவே படகு எந்த இடத்தில் பிடிபட்டது என்பதே வழக்கின் உயிர்நிலை. படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி காட்டும் எண்கள் ஒரு மனிதனின் சில ஆண்டுகளைத் தீர்மானிக்கலாம். இதை எங்கள் குப்பத்தில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அந்த நிகழ்ச்சி நிரல் தாளை நம் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் உட்கார்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்தார். வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய 'மதத்' என்னும் இணையவழிக் குறைதீர்ப்பு முறையிலும் பதிவு செய்தோம். மாமா எட்டு மாதம் கழித்து வீடு திரும்பினார். அந்த மனுதான் அவரை மீட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்நாட்டு அரசே அபராதம் வாங்கிக்கொண்டு பலரை ஒன்றாக விடுவித்தது. ஆனால் ஒரு மாறுதலைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு முன் அலுவலகங்களில் வாசற்படியருகே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த அத்தை, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போன நாளில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்.

மாமா வந்த பிறகு கேட்டேன்: "தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லி நீங்க கேக்கலியா மாமா?" அவர் சொன்னார்: "கேக்கலாம்னே தெரியாதேம்மா."

கையெழுத்தான சமாதானம் வந்து சேராமல் 1783இல் கடலூர்க் கரையில் மாண்ட சிப்பாய்க்கும் என் மாமாவுக்கும் அதிக வேறுபாடு இல்லை என்று அன்று எனக்குத் தோன்றியது. மாமா உயிரோடு திரும்பினார் என்பதே வேறுபாடு.

சிதம்பரம் அறிந்த மரபு

அறிஞர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் நம் பக்கத்து ஊரின் மரபு அப்படியன்று.

பன்னாட்டு உறவு என்ற பாடத்துக்கென முதல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித்தில் அமைந்தது. அதுவும் நம் ஊரைப் போலக் கடற்கரை ஊர்தான். முதல் உலகப் போரின் பிணக்குவியலைப் பார்த்தவர்கள், இனியொரு போர் வராமல் தடுக்க அறிவால் இயலுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பிறந்த பாடம் இது. பத்தாண்டுகள் கழித்து, 1929இல், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது.

அதன் முதல் மூன்று துணைவேந்தர்களை எண்ணிப் பாருங்கள். முதல்வர் எஸ். இ. ரங்கநாதன், அவர் 1943 முதல் 1947 வரை இலண்டனில் இந்தியாவின் ஹை கமிஷனராக இருந்தவர், 1946இல் பாரிசு அமைதி மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர். அடுத்து, 1935 முதல் 1940 வரை வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, 1921இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்துக்கும் பின் வாஷிங்டன் மாநாட்டுக்கும் சென்றவர். 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாக அமர்ந்தவர். மூன்றாமவர் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு. சாஸ்திரியாருக்குப் பின் 1929 முதல் 1932 வரை அதே தென்னாப்பிரிக்கப் பதவியில் இருந்தவர். இவர்கள் ஆங்கில ஆட்சியின் கீழ் அதன் வரம்புக்குள் நின்று பேசியவர்கள் என்ற குறையை நான் மறைக்கவில்லை. ஆயினும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரின் பிள்ளைகளுக்காக வெள்ளையரிடம் வாதாடிவிட்டு வந்தவர்கள், சிதம்பரத்தில் மாணவர் நடுவே நடமாடினார்கள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடியான மீனாட்சி கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றையும், தென்னிந்தியா பற்றி வெளிநாட்டார் எழுதிய குறிப்புகளையும் அவர் நூல்களாக்கினார். சோழர் 1015இலும் 1033இலும் 1077இலும் சீனத்துக்குத் தூது அனுப்பியதும், 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரம் வரை சென்றதும் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிகிறதென்றால், அவர் போன்றோர் உழைப்பே காரணம்.

மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியர். ஈழத்தில் பிறந்த தனிநாயக அடிகள் 1940களில் அங்கே தமிழ் பயின்றார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் முன்னின்றார். எந்த வெளியுறவுத் துறையிலும் பதவி வகிக்காமல் பல நாடுகளைத் தமிழால் இணைத்த அவரைப் பன்னாட்டு அறிஞர் என்னாமல் வேறு என்னென்பது?

புது தில்லியில் 1955இல் தொடங்கி 1970இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த இந்தியப் பன்னாட்டுக் கல்விப் பள்ளியின் முதல் இயக்குநரும் தெற்கிலிருந்து சென்ற ஏ. அப்பாதுரை அவர்களே. (பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் வேறு.) தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதார நிலையை ஆராய்ந்து நூல் எழுதிவிட்டுத்தான் அவர் உலக அரசியலுக்குப் போனார். தன் மண்ணைக் கற்றவர் உலகத்தைக் கற்பதில் பின்தங்குவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அறிஞர் பக்கத்து நியாயம்

மறுபக்கத்தையும் நான் எண்ணாமல் இல்லை. பேராசிரியர்களுக்குப் பாட வேளைகள் அதிகம். விடைத்தாள் கட்டுகள் வீடு வரை வருகின்றன. ஆங்கில ஆய்விதழில் வெளிவந்தால்தான் பதவி உயர்வுக்குக் கணக்கு. குப்பத்தில் போய்ப் பேசினால் கணக்கில்லை. விசா, பாஸ்போர்ட் சிக்கல்களைத் தீர்ப்பது ஆராய்ச்சியாளர் வேலையா என்று கேட்டால், இல்லைதான். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஊர் ஊராய்ப் போய் ஊசி போட வேண்டியதில்லை. ஆனால் காலரா எப்படிப் பரவுகிறது என்று அவருக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொல்லாமல் இருந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இன்னொரு வாதமும் உண்டு. ஊர்ப் பிரச்சினையைப் பேசப் புகுந்தால் அறிஞர் ஊர்க்கட்சி பேசுபவராகிவிடுவார் என்பர். இதற்கு விடையாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையத்தை முதல் இயக்குநராக இருந்து வளர்த்த பேராசிரியர் வி. சூரியநாராயணனைச் சொல்லலாம். 1974, 1976 ஆண்டுகளின் உடன்படிக்கைகளுக்குப் பின் பாக் நீரிணையில் எழுந்த சிக்கலை எடுத்துக்கொண்டு, கச்சத்தீவும் இந்திய மீனவர் துன்பமும் பற்றி 1994இல் நூல் எழுதினார். 2005இல் பாக் விரிகுடா மீன்பிடிப் பூசல் பற்றி மற்றொன்று. நம் மீனவர் படும் பாட்டை எழுதியவர், எதிர்க்கரை மீனவரின் குறையையும் மறைக்கவில்லை.

இங்கேதான் அறிஞரின் தேவை புலப்படுகிறது. மேடையில் பேசுவோர் நம் மீனவரின் கண்ணீரை மட்டும் பேசுவார்கள். கடலின் அடிமட்டத்தை வாரும் இழுவை மடிகள் எதிர்க்கரைத் தமிழ் மீனவரின் வலையையும் வாழ்வையும் அறுக்கின்றன என்பதையும், இலங்கை 2017இல் அந்த முறையையே சட்டத்தால் தடுத்ததையும் நமக்கு யார் சொல்வது? கசந்தாலும் மருந்தைத் தருபவர் வேண்டும். எங்கள் குப்பத்தார் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல ஓர் அறிஞர் வந்தால் முதலில் சண்டை பிடிப்பார்கள். பின்பு மோர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்பார்கள். என் மக்களை நான் அறிவேன்.

என் விண்ணப்பம்

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது மாணவருக்கு அழகன்று. என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

முதலாவது, பன்னாட்டு உறவு கற்பிக்கும் ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஒரு சிறு கையேடாவது தமிழில் வெளியிட வேண்டும். வெளிநாட்டில் கைதானால் என்ன உரிமை, கடல் எல்லை என்றால் என்ன, கப்பலேறும் முன் எந்தெந்தத் தாள்களின் நகலை வீட்டில் வைக்க வேண்டும் என்பன போதும். பதினாறு பக்கம் மிகை.

இரண்டாவது, எந்தக் கருத்தரங்கமாயினும் கடைசி ஒரு மணி நேரம் தமிழில், ஊர் மக்களுக்குத் திறந்திருக்கட்டும். கேள்விகள் தலைப்புக்குள் வராமல் போகலாம். வாழ்க்கை எந்தத் தலைப்புக்குள் அடங்குகிறது?

மூன்றாவது, பாடத்திட்டம் வெஸ்ட்ஃபாலியாவில் தொடங்கட்டும். தேவனாம்பட்டினத்தையும் ஒரு முறை தொட்டுச் செல்லட்டும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒரு குடும்பத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் கேட்டுப் பதிவு செய்தால், பத்தாண்டில் எந்த நாட்டு ஆய்வாளரும் தேடி வரும் களஞ்சியம் இந்த மாவட்டத்தில் உருவாகும்.

நான்காவது நமக்கு. அறிஞர்கள் வரட்டும் என்று காத்திராமல் நாமே உடன்படிக்கைகளின் மூலத்தைப் படிக்கப் பழக வேண்டும். ஆங்கிலம் கடினம்தான், எனக்கும் கடினம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 36ஆம் பிரிவைப் படிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

அத்தை அந்த மனுவின் பிரதியை ரேஷன் அட்டையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். குப்பத்தில் யார் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டாலும் முதல் நாள் இரவு வந்து கேட்கிறார்கள். வியன்னா, 1963, பிரிவு 36 என்று மேலே எழுதி, கீழே தமிழில் நான்கு வரி எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். இதுவரை பதினேழு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். இதை நான் செய்வதைவிடக் கற்றறிந்த பெருமக்கள் செய்தால் பிழையில்லாமல் இருக்கும். பதினேழு பேருக்கு அன்றிப் பல்லாயிரம் பேருக்குப் போய்ச் சேரும்.

செய்தி உங்களிடம் இருக்கிறது. கரை இங்கே இருக்கிறது. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே நாள்தோறும் பாசஞ்சர் வண்டி ஓடுகிறது. ஒருமுறை கிள்ளையில் இறங்கி வாருங்கள்.